தச்சர் வருவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை: வீட்டு உள்ளலங்காரம் குறித்துச் சில கேள்விகள்

கேள்வி: இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டின் சாவி சென்ற வாரம் கைக்கு வந்தது. தெரிந்த தச்சர் ஒருவர் நாளைக்கே பிளைவுட் இறக்கி வேலையைத் தொடங்கிவிடலாம் என்கிறார். தொடங்கலாமா? (பெரும்பாக்கம் வாசகர்)

தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள். தச்சு வேலைதான் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிகிறது என்றாலும், வேலைகளின் வரிசையில் அது நடுவில்தான் வருகிறது. முதலில் வீட்டை அளக்க வேண்டும். கட்டுநர் கொடுத்த வரைபடத்தை நம்பாமல், பூச்சு முடிந்த சுவருக்குச் சுவர் டேப் பிடித்து, தரையருகே ஒரு முறை, இடுப்பு உயரத்தில் ஒரு முறை, பரண் உயரத்தில் ஒரு முறை என மூன்று அளவுகள் எடுங்கள். சுவர்கள் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்பது அரிது. மேலும் கீழும் முக்கால் அங்குலம் வேறுபட்டால், அலமாரியின் பக்கவாட்டில் விழும் இடைவெளியை மறைக்கப் பட்டை வைக்க வேண்டியிருக்கும். அது வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

அடுத்தது உங்கள் பொருள்களின் பட்டியல். எத்தனை புடவைகள் மடித்து வைப்பவை, எத்தனை தொங்கவிடுபவை, அரிசி எத்தனை கிலோ வாங்குகிறீர்கள், கொலுப் பொம்மைப் பெட்டியின் நீள அகலம் என்ன என்பதையெல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பரண் 24 அங்குல ஆழம் இருந்தும், அதன் கதவுத் திறப்பு குறுகலாக அமைந்ததால் பொம்மைப் பெட்டி உள்ளே நுழையாமல் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வாஸ்து பார்ப்பவராக இருந்தால் அடுப்பு எந்தத் திசை நோக்கி அமைய வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கிரானைட் வெட்டிய பிறகு சொன்னால் பயனில்லை.

இவற்றை வைத்துத் தரை வரைபடம், பிறகு ஒவ்வொரு சுவருக்குமான முகப்பு வரைபடம், அதன்பின் கொட்டேஷன் என்று வாருங்கள். கையெழுத்தான பிறகு இடிப்பும் கொத்து வேலையும், தண்ணீர்க் குழாய், மின் குழாய், ஏ.சி. செம்புக் குழாய், ஃபால்ஸ் சீலிங், பட்டி பார்த்து பிரைமரும் முதல் கோட் பெயிண்டும், அதற்குப் பிறகே அலமாரிகள். கைப்பிடிகளும் விளக்குகளும் பொருத்தி, கடைசிக் கோட் அடித்துத் துடைத்தால் வேலை முடிந்தது. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வரைபடம் முதல் ஒப்படைப்பு வரை மூன்று மாதங்களுக்குக் குறைவாக நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

கேள்வி: ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டோம். அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டுமா? (மதுரை வாசகி)

தேவையில்லை. வெறும் வீட்டிலேயே பால் காய்ச்சிவிட்டு, உள்வேலையை நிதானமாக முடித்த பின் குடிபுகுவதே நான் சொல்லும் வழி. ஹோமப் புகை புதிய வெள்ளை சீலிங்கில் படிந்தால் துடைத்தாலும் முழுதாகப் போகாது. முகூர்த்த நாளுக்காக அவசரப்பட்டு ஒட்டிய லேமினேட்டும் (பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய அலங்காரத் தகடு) பசை சரியாகப் பிடிக்காமல் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒரே வரைபடத்துக்கு இரண்டு கொட்டேஷன்கள் வாங்கினோம். சதுர அடி விலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், மொத்தத் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஏன்? (கோயம்புத்தூர் வாசகர்)

எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். அலமாரிக்குப் பொதுவாக முகப்பு அளவே கணக்கு. 7 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் 49 சதுர அடி. அதன் மேல் 2 அடிப் பரண் 14 சதுர அடி. ஒருவர் இரண்டையும் சேர்த்து 63 சதுர அடிக்கு ஒரே விலை போட்டிருப்பார். இன்னொருவர் பரணுக்குக் கதவும் சட்டமும் மட்டும் என்று குறைந்த விலை போட்டிருப்பார். சமையலறையை ஒருவர் ரன்னிங் அடியிலும் (நீளத்தை மட்டும் அளக்கும் கணக்கு) மற்றவர் சதுர அடியிலும் கணக்கிட்டிருந்தால் ஒப்பிடவே முடியாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. தொகைக்குள் அடங்கியதா, தனியா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, மரப்பலகையின் தரம். "வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர நிர்ணயம். அதில் ஐ.எஸ். 710 என்பது கொதிநீரில் 72 மணி நேரம் இட்டாலும் அடுக்குகள் பிரியக் கூடாது என்று சோதிக்கப்படும் தரம். சிங்க் அடியில் அதுவே வேண்டும். ஐ.எஸ். 303 பொதுப் பயன்பாட்டுக்கானது, அதில் எம்.ஆர். என்ற வகை ஈரக்காற்றைத்தான் ஓரளவு தாங்கும், தண்ணீரை அன்று. படுக்கையறை அலமாரிக்கு அது போதும் என்பது என் கருத்து. அங்கே மிச்சமாகும் பணத்தை நல்ல கீல்களிலும் இழுப்பறைத் தடங்களிலும் போடுங்கள், ஏனெனில் தினமும் உழைப்பவை அவைதான். தரம், தடிமன், உட்புற லேமினேட்டின் கனம், கீலின் நிறுவனப் பெயர் ஆகிய நான்கும் கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: சுவரில் காடி வெட்டிப் புதிய பிளக் பாயின்ட் வைக்கக் கூடாது என்று குடியிருப்பு நிர்வாகம் தடுக்கிறது. இது சரியா? (சிறுசேரி வாசகர்)

உங்கள் கட்டடம் அலுமினியப் பலகை அடைத்து வார்த்த மைவான் முறையில் கட்டப்பட்டதென்றால் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே அறையைப் பிரிக்கும் சுவர்களிலும் பல, கம்பி கட்டிய கான்கிரீட்டாகவே இருந்து கட்டடத்தின் சுமையைத் தாங்குகின்றன. செங்கல் சுவரைப் போல அவற்றை வெட்டக் கூடாது. புதிய இணைப்புகளை ஃபால்ஸ் சீலிங்கின் உள்ளே கொண்டுவந்து, அலமாரியின் பின்பலகை வழியாகவோ டி.வி. பலகையின் பின்னாலோ இறக்குங்கள். இதற்காகத்தான் கட்டிலும் டி.வி.யும் எங்கே என்பது மின் வேலைக்கு முன்பே உறுதியாக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். மின்விசிறிக் கொக்கி கான்கிரீட் தளத்திலிருந்துதான் தொங்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகை அந்த எடையைத் தாங்காது.

கேள்வி: சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? அம்மா என்னைவிட ஒரு சாண் குட்டை. (திருச்சி வாசகி)

யார் அதிகம் சமைக்கிறார்களோ, அவர்களின் முழங்கைக்குச் சுமார் நான்கு அங்குலம் கீழே. செருப்பில்லாமல் நின்று, முழங்கையை மடக்கி அளக்கச் சொல்லுங்கள். வழக்கமாக 32 முதல் 34 அங்குலத்துக்குள் அமையும். கேஸ் அடுப்பை மேடைக்கு மேல் வைப்பதானால் பாத்திரத்தின் வாய் இன்னும் உயர்ந்துவிடும், அம்மா வாணலியைக் கிளறத் தோளைத் தூக்க வேண்டிவரும். ஆகவே அடுப்பு வரும் பகுதியை மட்டும் இரண்டு அங்குலம் தாழ்த்தலாம். கிரைண்டருக்கு ஓர் இடம் நிரந்தரமாக ஒதுக்கி, அருகிலேயே 16 ஆம்பியர் பிளக்கும் வையுங்கள். அதைத் தூக்கி இறக்க வேண்டியிருந்தால் அம்மாவுக்குத்தான் இடுப்பு வலிக்கும்.

இதோடு ஒன்று. குளிர்பதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி அமைக்கச் சொல்லாதீர்கள். நான் வரைந்த பழைய வீடு ஒன்றில், கதவு சுவரில் இடித்துப் பாதிதான் திறந்தது. காய்கறித் தட்டை வெளியே எடுக்க முடியாமல் அந்த வீட்டு அம்மா இடுக்கில் கைவிட்டு ஒவ்வொரு கத்தரிக்காயாக எடுத்ததைப் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கதவு முழுதாக மலரப் பக்கவாட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது பெட்டியின் கையேட்டில் இருக்கும்; அந்த அளவை வரைபடத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: குளியலறைக்குப் பின்சுவரில் அலமாரி அமைக்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

ஓதம் இருந்தால் கூடாது. ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நீர் முத்து கோத்திருந்தால், முதலில் குளியலறையின் நீர்க்கசிவைச் சரிசெய்து சுவரை உலரவிடுங்கள்.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது, மீதிப் பணத்தைக் கொடுங்கள் என்கிறார்கள். எதைப் பார்த்துக் கொடுப்பது? (வேலூர் வாசகர்)

பகல் வெளிச்சத்தில், கையில் தாளோடு, அறை அறையாகச் செல்லுங்கள். எல்லா இழுப்பறைகளையும் முழுதாக இழுத்துத் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் கைப்பேசிச் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சிங்க்கை நிரப்பி ஒரே முறையில் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துக் காத்திருங்கள். துளி விழுந்தால் தாள் காட்டிக்கொடுக்கும். பிறகு சிங்க் அடிக் கதவைத் திறந்து, அதன் கீழ் விளிம்பை விரலால் தடவுங்கள். பலகையின் வெட்டு விளிம்பை மூடும் பட்டையை மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் ஒட்டியவர்கள் குனிந்து பார்க்க மாட்டார்கள் என்று கீழே விட்டுவிடுவதுண்டு; பட்டையில்லாத வெறும் மரம் விரலில் தட்டுப்பட்டால், தரை கழுவும் நீர் அங்கேதான் ஏறி, ஓரிரு மழைக்காலத்தில் கதவு உப்பிவிடும். குறைகளை எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையாகப் பத்து சதவீதமாவது நிறுத்திவைத்திருந்தால், அந்தப் பட்டியல் முழுதும் அடிபட்ட அன்று அதைக் கொடுங்கள். மின் குழாய்கள் சுவருக்குள் செல்லும் பாதையின் புகைப்படங்களையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.