ஆபரேஷன் வேணாம்னா சும்மா விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல

வாசகர் கேள்விகளுக்கு புதுச்சேரி பிசியோதெரபிஸ்ட் பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 42 வயசு, கடலூர் ஓ.டி.ல ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும் பசங்களோட ஷட்டில் ஆடுவேன். ஒன்பது நாள் முன்னாடி, தலைக்கு மேல போன காக் எடுக்கலாம்னு கால ஊனி எம்பினேன், பின்னாலேர்ந்து யாரோ குதிகால்ல ஓங்கி உதைச்ச மாதிரி இருந்துச்சு, 'டப்'னு சத்தம் வேற, திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. சுளுக்குன்னு நினைச்சு மூணு நாள் எண்ணெய் போட்டு நீவினோம். அப்புறம் டாக்டர்கிட்ட போனா ஸ்கேன் பாத்துட்டு குதிகால் நரம்பு முழுசா அறுந்துடுச்சு, ஆனா ஆபரேஷன் வேணாம், மாவுக்கட்டும், அப்புறம் பூட்ஸ் மாதிரி ஒரு 'பூட்'டும் போட்டாலே சேந்துடும்னு சொல்லிட்டாரு. சொந்தக்காரங்க எல்லாம் அறுந்தது எப்படிடா தானா ஒட்டும், வேற ஆஸ்பத்திரி பாருன்றாங்க, ஒரு மாமா நாட்டுக்கட்டு போடச் சொல்றாரு. எனக்கு சுகர் இருக்கு. பயமா இருக்கு சார்.
— பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, லெட்டர் வந்த அன்னைக்கே உங்ககிட்ட போன்ல பேசிட்டேன், இருந்தாலும் இதே பயம் நிறைய பேருக்கு இருக்கறதால இங்கயும் எழுதறேன்.

நாம நரம்புன்னு சொல்றோமே, அது நரம்பு இல்ல, ஆடுசதையை குதிகால் எலும்போட கட்டி வெச்சிருக்கற தசைநார். ரிப்போர்ட்ல அக்கிலீஸ் டெண்டன்னு போட்டிருப்பாங்க, உடம்புலயே தடிமனான நார் அதுதான். குதிகாலுக்கு ரெண்டுலேர்ந்து ஆறு சென்டிமீட்டர் மேல ரத்த ஓட்டம் கம்மியா இருக்கற இடம் ஒண்ணு இருக்கு, பெரும்பாலும் அங்கதான் அறுந்து போகும். முப்பதுக்கு மேல, வாரம் பூரா உக்காந்து வேலை பாத்துட்டு லீவு நாள்ல மட்டும் ஆடற ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருது. சுளுக்குன்னு நீங்க ஏமாந்ததுல தப்பே இல்ல, ஏன்னா நார் அறுந்தாலும் வேற சதைங்க இருக்கறதால விரலை ஆட்ட முடியும், நொண்டி நொண்டி நடக்கவும் முடியும். குப்புற படுக்க வெச்சு ஆடுசதையை அமுக்கிப் பாக்கணும். நல்ல கால்னா பாதம் தானா கீழ அசையும், அறுந்த கால்ல அசையாது. எண்ணெய் போடறதுக்கு முன்னாடி யாராவது இதைப் பாத்திருந்தா மூணு நாள் மிச்சமாயிருக்கும்.

இப்ப உங்க சொந்தக்காரங்க கேள்விக்கு வரேன், அறுந்தது எப்படி ஒட்டும்? இது கத்தியால வெட்டின மாதிரி அறுந்திருக்காது, பழைய தேங்கா நார்க் கயிறு பிஞ்சா ரெண்டு முனையும் பிரி பிரியா நிக்குமே, அப்படித்தான் இருக்கும். பாதத்தை கீழ் நோக்கி, நுனிக்கால்ல நிக்கற மாதிரி சாய்ச்சு வெச்சா அந்த ரெண்டு முனையும் கிட்ட வந்துடும், நடுவுல ரத்தம் உறைஞ்சு அதுலேர்ந்து புது நார் வளர ஆரம்பிக்கும். அந்த சாய்வுதான் உங்களுக்கு வைத்தியம். ஆபரேஷன்ல தையல் செய்யற வேலையை உங்களுக்கு அந்த சாய்வு செய்யுது, அதனாலதான் சொல்றேன், அதை ஒரு தடவை கூட விடக்கூடாது.

இது பணத்தை மிச்சம் பண்ண சொல்ற ரெண்டாந்தர வைத்தியம் இல்ல. 2022ல நார்வேல 526 பேரை மூணு குரூப்பா பிரிச்சு, ரெண்டு விதமான ஆபரேஷனையும் ஆபரேஷன் இல்லாத முறையையும் வெச்சு பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு மூணு குரூப்போட காலும் கிட்டத்தட்ட ஒரே நிலையிலதான் இருந்துச்சு. ஆனா மறுபடி அறுந்து போனது ஆபரேஷன் இல்லாதவங்கள்ல 6.2 சதவீதம், ஆபரேஷன் பண்ணவங்கள்ல 0.6 சதவீதம். இதை மறைக்காம சொல்லணும். அதே நேரம் தோல் நரம்பு பாதிச்சு மரத்துப் போறது ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் அதிகம், அந்த இடத்துல தோலும் ரொம்ப மெல்லிசு, சுகர் இருக்கறவங்களுக்கு தையல் போட்ட புண்ணு ஆறாம படுத்தி எடுத்துடும். உங்க சுகரை வெச்சுப் பாத்தா டாக்டர் சொன்னது சரின்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு வாரத்துக்குள்ள கட்டு போட்டாச்சு, அதுவும் நல்லது. ரொம்ப லேட்டா கண்டுபிடிச்சவங்க, பாதத்தை சாய்ச்சும் முனைங்க கிட்ட வராதவங்க, ரெண்டாவது தடவை அறுந்தவங்க, இவங்களுக்கெல்லாம் கணக்கு வேற.

நாட்டுக்கட்டு மட்டும் வேணாம் தம்பி, கெஞ்சிக் கேட்டுக்கறேன். எலும்புக்கு கட்டற மாதிரி பாதத்தை நேரா நிமித்தி கட்டிட்டா ரெண்டு முனையும் விலகிப் போயிடும்.

பொதுவா முதல் ரெண்டு வாரம் மாவுக்கட்டு, கிரட்சஸ். அப்புறம் உள்ள குதிகாலுக்கு அடியில ஆப்பு மாதிரி வெட்ஜ் அடுக்கின பூட், அதைப் போட்டுக்கிட்டு கால ஊனி நடக்கலாம், டாக்டர் சொல்ற கணக்குல ஒவ்வொரு வெட்ஜா எடுத்துக்கிட்டே வந்து எட்டு பத்து வாரத்துல பூட்டை கழட்டுவாங்க. பூட் வாங்க வசதி இல்லன்னா கவலைப்படாதீங்க, 2020ல இங்கிலாந்துல 540 பேரை வெச்சு பாத்ததுல மாவுக்கட்டு போட்டவங்களுக்கும் பூட் மாதிரி பிரேஸ் போட்டவங்களுக்கும் 9 மாசத்துல பெரிய வித்தியாசம் இல்ல. பூட் போட்டா ஒரு கால் உயரமாயிடும், இன்னொரு காலுக்கு தடிமனான சோல் வெச்ச ஷூ போடுங்க, இல்லன்னா இடுப்பு வலி வந்துடும்.

தூங்கும்போதும் பூட் இருக்கணும். எங்கிட்ட வந்த ஒருத்தர் ஆறு வாரம் ஒழுங்கா இருந்தாரு, ஏழாவது வாரம் ராத்திரி பாத்ரூம் போக ரெண்டு நிமிஷம்தானேன்னு பூட் இல்லாம இறங்கி ஈர டைல்ஸ்ல வழுக்கி மறுபடி அறுந்துடுச்சு. அந்த மனுஷன் அழுதது இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது. நம்ம ஊர்ல இன்னொரு பிரச்சனை குந்தி உக்கார்ற கக்கூஸ், குந்தினா அந்த நார் முழு நீளத்துக்கும் இழுபடும். வெஸ்டர்ன் இல்லன்னா நடுவுல ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிடுங்க, பல மாசத்துக்கு குந்தவே கூடாது. குளிக்கறப்ப ஸ்டூல்ல உக்காந்து, பாதம் கீழ தொங்கற மாதிரி வெச்சுக்குங்க. சுகர் இருக்கறதால, பூட் வந்தப்புறம், டாக்டர் சொல்ற முறையில பாதம் சாய்ஞ்சபடியே கழட்டி தினமும் யாராவது தோல் சிவந்திருக்கான்னு பாக்கணும்.

ஆடுசதை திடீர்னு வீங்கி சூடா வலிச்சா அதை நீவாதீங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா உடனே 108.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இதேதான் சார், ஆபரேஷன் பண்ணல. இப்ப பதினோராவது வாரம், பூட் கழட்டியாச்சு. வலியே இல்லன்னு சந்தோஷமா இருக்காரு. கால் இறுக்கமா இருக்குன்னு துண்டை மாட்டி பாதத்தை இழுத்து இழுத்து ஸ்ட்ரெச் பண்றாரு. பீச்சுக்கு வாக்கிங் போகலாமா?
— ஒரு மனைவி, லாஸ்பேட்டை

பதில்: அம்மா, முதல்ல அந்த துண்டைப் பிடுங்கி வெச்சுடுங்க. இறுக்கமா இருக்கறதுதான் இப்ப அவருக்கு நல்லது. புது நார் இன்னும் இளசு, இழுத்தா நீளமாயிடும், நீளமான நார் தானா குறையாது, அப்புறம் ஆயுசுக்கும் நுனிக்கால்ல எம்பி நிக்க பலம் இருக்காது. இறுக்கம் மாசக்கணக்குல நடக்க நடக்க தானா விடும்.

வலி இல்லாததுதான் எனக்கு பயமே. மறுபடி அறுந்து போறது அதிகமா பூட் கழட்டின இந்த வாரங்கள்லதான், படியில கால் தடுக்கறது, பஸ்ஸைப் பிடிக்க ஓடறது, வண்டிய கிக்கர்ல உதைக்கறது, இப்படித்தான் ஆகுது. இழுக்கறதுக்கு பதிலா பலம் ஏத்தணும். நாற்காலியில உக்காந்து குதிகாலை தூக்கி இறக்கறதுல ஆரம்பிச்சு, அப்புறம் சுவத்தைப் பிடிச்சு ரெண்டு கால்ல, பல வாரம் கழிச்சு ஒத்தக் கால்ல. எல்லாம் சமதரையில. படி ஓரத்துல நின்னு குதிகாலை கீழ இறக்கறது இப்ப கூடவே கூடாது.

வாக்கிங் போகலாம், ஆனா மணல்ல வேணாம், மணல்ல குதிகால் புதைஞ்சு நார் இழுபடும். சாயந்திரம் வண்டி விடாத நேரத்துல நம்ம பீச் ரோடு இருக்கே, சமமா இருக்கு, களைப்பா இருந்தா உக்கார சுவர் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க. ஹவாய் செருப்பு போட்டு விடாதீங்க, உள்ள குதிகால் பேட் வெச்ச ஷூ போடச் சொல்லுங்க, வீட்டுக்குள்ளயும்தான். ஓடறதுக்கு ஆறு மாசமாவது ஆகும், அதுவும் ஒத்தக் கால்ல எம்ப வந்தப்புறம்தான். விளையாட்டெல்லாம் ஒன்பது மாசம், ஒரு வருஷம். ஒரு வருஷம் ஆனாலும் அந்த ஆடுசதை கொஞ்சம் சின்னதாவே தெரியும், அதுக்கு பயப்பட வேணாம்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயசு. யூரின் இன்ஃபெக்ஷனுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிடறாரு, நாலு நாளா குதிகாலுக்கு மேல வலி. சம்பந்தம் இருக்குமா?
— நெல்லிக்குப்பம்

பதில்: இருக்கலாம் தம்பி. அந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாரைப் பலவீனப்படுத்தும்னு 2008லயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட வெச்சுது. 60 வயசுக்கு மேல, ஸ்டீராய்டும் கூட சாப்பிட்டா ஆபத்து இன்னும் ஜாஸ்தி. அடுத்த மாத்திரை போடறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்த டாக்டருக்கு போன் பண்ணி குதிகால் வலிக்குதுன்னு சொல்லுங்க, வேற மருந்து மாத்தித் தருவாரு. அது வரைக்கும் அப்பா மாடிப்படி ஏற வேணாம்.