அடுப்படிக்குக் கிளிப்பச்சை போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த அடுப்படியைப் புதுப்பிக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மகனும் மருமகளும் வெள்ளை குவார்ட்ஸ் மேடை, பளபளவென்று சாம்பல் நிற அக்ரிலிக் கதவுகள் என்று தினமும் படம் அனுப்புகிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிளிப்பச்சைதான் பிடிக்கும். சொன்னால், "இப்ப யாரு ஆத்தா பச்சை போடுறா?" என்கிறான் மகன். வருஷம் முழுக்க அந்த வீட்டில் இருப்பது நானும் என் கணவரும் மட்டும்தான். நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?
*– ஒரு வாசகி, பள்ளத்தூர்*

பதில்: வேண்டாம் ஆச்சி. பச்சையே போடுங்கள். எந்தப் பச்சை, எந்தப் பொருளில், எந்த இடத்தில் என்பதை மட்டும் நிதானமாக முடிவு செய்யலாம்.

முதலில் அந்தச் சாம்பல் நிறம். உலகம் முழுக்க நிறங்களுக்கு எண் கொடுத்து விற்கும் பான்டோன் நிறுவனம், 2021ஆம் ஆண்டின் நிறங்கள் என்று இரண்டை அறிவித்தது. ஒன்று சாம்பல், இன்னொன்று மஞ்சள். அதே நிறுவனம் 2025க்குச் சொன்னது சாக்லேட் கலந்த காப்பி போல ஒரு பழுப்பு. இடையில் நான்கே வருஷம். நீங்கள் இப்போது போடும் அலமாரிக் கதவுகளைப் பதினைந்து வருஷமாவது திறந்து மூடப் போகிறீர்கள். அடுத்த வருஷம் அவர்கள் என்ன நிறம் சொல்வார்கள் என்று உங்கள் மகனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பது உங்களுக்கு ஐம்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

இதற்காகப் புதுசு என்றாலே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய ஐயாக்கள் அப்படி ஒதுக்கியவர்கள் இல்லை. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு எல்லாம் அன்றைக்கு வந்த புது மோஸ்தர்தான். முகப்புக்கு மேலே சுதையில் கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் காவலாகத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிற்பார்கள். நம் ஊர்களில் இதை எத்தனை வீட்டில் பார்த்திருப்பீர்கள்! ஆனால் கப்பலில் என்ன வந்து இறங்கினாலும், வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு வளவாகவே இருந்தது. நாலு பக்கக் கூரையின் மழைத்தண்ணீரும் முற்றத்தில்தான் விழுந்தது. தேவகோட்டையில் எங்கள் வீட்டில் ஜப்பான் ஓடும் பூக்கல்லும் முன்கட்டோடு நின்றுவிட்டன. அடுப்படித் தரை வெறும் கருங்கல். அப்பத்தா அங்கேதான் மிளகாய் அரைப்பார், மீன் கழுவுவார், கொதிக்கும் வடிகஞ்சியைக் கொட்டுவார். பணம் இல்லாமல் அங்கே கருங்கல் போடவில்லை. அந்த இடத்தில் என்ன வேலை நடக்கும் என்று தெரிந்து போட்டிருக்கிறார்கள்.

முப்பது வருஷமாகக் காரைக்குடியில் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறேன். அடுப்படி வேலைக்கு யார் வந்தாலும், "விட்டுக்கொடுக்கவே முடியாத மூணு பாத்திரம் எடுத்துட்டு வாங்க" என்பேன். கோட்டையூரிலிருந்து வந்த ஒரு ஆச்சி, கரியேறிய இரும்புப் பணியாரச் சட்டி, கல்சட்டி, ஈயம் பூசிய பித்தளைத் தவலை மூன்றையும் கொண்டுவந்தார். கையோடு வெள்ளை மேடையின் படத்தையும் வைத்திருந்தார். கடை மாதிரிக்காகக் கொடுத்த வெள்ளைத் துண்டின் மேல் பணியாரச் சட்டியை வைத்து, அடுப்பில் நகர்த்துவது போல் ஒரு தடவை நகர்த்தச் சொன்னேன். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

குவார்ட்ஸ் மேடை என்பது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் இல்லை. சுமார் 90 சதவீதம் குவார்ட்ஸ் தூள், மீதி பிசின். இரண்டையும் கலந்து அழுத்திப் பலகையாக்குகிறார்கள். தண்ணீர் உறிஞ்சாது, நிறம் சீராக இருக்கும், அது உண்மை. ஆனால் அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. எண்ணெய் கொதிக்கும் வாணலியை இறக்கி நேராக மேடையில் வைத்தால் அந்த இடம் மஞ்சளாகிவிடும். பிறகு தேய்த்தாலும் போகாது. மஞ்சள் பொடியும் கவுனி அரிசி ஊறிய தண்ணீரும் ராத்திரி முழுக்கக் கிடந்தால் வெளிர் நிறத்தில் தடம் விடும். பெங்களூர் அடுப்படியில் இரண்டு பேருக்குச் சமைக்கும் உங்கள் மருமகளுக்கு இது போதுமானதாக இருக்கலாம். தீபாவளிக்கு அதிரசமும் மாவுருண்டையும் முறுக்கும் சுடும் உங்கள் மேடைக்கு இது சரிவராது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இந்தப் பலகையைத் தண்ணீர் விடாமல் அறுத்தால் பறக்கும் தூசி, அறுக்கிறவர் நுரையீரலில் போய்த் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொண்டுவரும். ஆஸ்திரேலியாவில் இதனாலேயே 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகைகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். கிரானைட்டிலும் இந்தத் தூசி உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுக்கும் பையனுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். நம் வீட்டு மேடைக்காக ஒரு பிள்ளையின் மூச்சு கெடக்கூடாது.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். 2009இல் என் சொந்த அடுப்படிக்கு வெள்ளைப் பளிங்கு போட்டேன். படத்தில் பார்த்து மயங்கிப் போட்டதுதான். விற்ற கடைக்காரர் கறையே படாது என்று சத்தியம் செய்தார். பத்தே நாளில், புளிக்கரைசல் சொட்டிய இடமெல்லாம் பளபளப்புப் போய் வட்டம் வட்டமாக மங்கியது. அது கறைகூட இல்லை. புளியின் அமிலம் பளிங்கின் சுண்ணாம்பைத் தின்றுவிட்ட தடம். இரண்டு தடவை பாலிஷ் போட்டும் திரும்ப வந்தது. அந்த மேடையில் எலுமிச்சம்பழம் பிழியும்போதெல்லாம் கை பதறும். ஆறு வருஷம் அப்படிப் பதறிப் பதறிச் சமைத்தேன். 2015இல் பெயர்த்துவிட்டுக் கறுப்பு கிரானைட் போட்டேன். பளிங்குப் பலகை இப்போது சாமி அறையில் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கில் மல்லிகையும் குத்துவிளக்குமாக அங்கே அவ்வளவு பாந்தமாக இருக்கிறது.

சரி, உங்கள் பச்சைக்கு வருவோம். மேடைக்குக் கறுப்பு கிரானைட், லெதர் ஃபினிஷ். தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருக்கும். தண்ணீர்த் தடம் அவ்வளவாகத் தெரியாது. கீழ் அலமாரிக் கதவுகளுக்கு மேட் லேமினேட்டில் கிளிப்பச்சை. பளபளக்கும் அக்ரிலிக் என்றால் விரல் தடத்தைத் துடைத்தே பொழுது போய்விடும். உள்ளே இருக்கும் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பலகையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அதுதான். தொட்டிக்குக் கீழே மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிவிடும். மேல் அலமாரிகள் தந்த நிறத்தில் இருக்கட்டும். மேலும் கீழும் பச்சை என்றால் அறை இருட்டிவிடும், நம் பழைய அடுப்படிகளுக்கு ஜன்னலும் சின்னது. ஆர்டர் கொடுக்கும் முன் அந்தப் பச்சையில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு துண்டு வாங்கி, ஒரு வாரம் அங்கேயே சாத்தி வையுங்கள். காலை ஆறு மணிக்கும், உச்சி வெயிலிலும், ராத்திரி டியூப்லைட்டிலும் அது மூன்று பச்சையாகத் தெரியும். மூன்றும் பிடித்திருந்தால் அதுதான் உங்கள் நிறம்.

மேடை உயரத்தையும் படத்தைப் பார்த்து வைக்காதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் 36 அங்குலம் இருக்கும். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே எது வருகிறதோ அதுதான் உங்கள் உயரம்.

மகனிடம் என்ன சொல்வது? நம்மிடம் 'வேறு வைக்கிற' வழக்கம் இருக்கிறதே. கல்யாணமான பிள்ளைக்கு அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சாமான், தனிக் கணக்கு. ஒரே கூரைக்கடியில் நாலு அடுப்படி நாலு விதமாக இருந்த வீடுகள் இவை. பெங்களூரில் அவர்கள் சாம்பல் போட்டுக்கொள்ளட்டும். போய்ப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறோம். எங்கே பார்த்தாலும் ஆத்தங்குடி டைல்ஸ்தான். எனக்கும் ஆசையாக இருக்கிறது. கணவர், "அது சீக்கிரம் மங்கிடும், எல்லாரும் போடுறாங்கன்னு நாமளும் போடணுமா?" என்கிறார். அடுப்படியிலும் போடலாமா?
*– ஒரு வாசகி, வேளச்சேரி*

பதில்: எல்லோரும் போடுகிறார்கள் என்பதால் உங்கள் ஆசை பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கல் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை ஆத்தங்குடிக்கு வந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் காய்ந்த மணல், சிமெண்டு தூவி, அதற்கு மேல் கலவை போட்டுக் கையால் அழுத்துவார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வரும்போது முகம் கண்ணாடி போல மின்னும். சூளையில் சுடுவதே இல்லை. கையால் ஊற்றுவதால் ஒரு பூ இன்னொரு பூ போல இருக்காது.

மங்கிவிடும் என்று உங்கள் கணவர் சொல்வது, தப்பாகக் கையாண்டால் உண்மைதான். பதித்து முடித்ததும் சிமெண்டுக் கறையைப் போக்கக் கொத்தனார் ஆசிட் ஊற்றுவார். அந்த ஒரு நாளோடு கல்லின் உயிர் போய்விடும். ஆசிட் கூடவே கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முடிகிற அன்று பக்கத்தில் நில்லுங்கள். அப்புறம் தேங்காய் எண்ணெயைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, வெறும் தண்ணீரில் தினமும் துடைத்து வந்தாலே போதும். நடக்க நடக்க மெருகு கூடும். எங்கள் வீட்டில் அப்பச்சி காலத்தில் பதித்த கல்லில் இன்றைக்கும் ஜன்னல் நிழல் தெரிகிறது.

அடுப்படியில், அதுவும் அடுப்புக்கும் தொட்டிக்கும் முன்னால் வேண்டாம். புளி, எலுமிச்சை, தயிர் எல்லாமே சிமெண்டுக்குப் பகை. சாப்பிடும் இடத்திலோ வாசல் நடையிலோ போடுங்கள். இந்தக் கல் சாதாரண டைல்ஸைவிடத் தடிமன், கனமும் கூட. ஏற்கெனவே இருக்கும் தரைக்கு மேலேயே பதிக்க நினைத்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கதவும் தரையில் இடிக்கும். சாம்பலிலும் வெளிர் நீலத்திலும் கேட்டாலும் செய்து தருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான் அந்தக் கல்லின் முகம். ஆனால் நடக்கப்போவது உங்கள் கால்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவுச் சுவர்கள் தொண்ணூறு வருஷப் பழசு. இரண்டு இடத்தில் பெயர்ந்திருக்கிறது. பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, ஒரு பக்கம் வால்பேப்பர் ஒட்டினால் புதுசு போல ஆகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.
*– ஒரு வாசகர், கண்டனூர்*

பதில்: ஐயா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. அந்தச் சுவர் மூச்சு விடும்; மழைக்கு வாங்கிய ஈரத்தை வெயிலுக்கு விட்டுவிடும். பிளாஸ்டிக் பெயிண்டும் வால்பேப்பரும் அந்த மூச்சை அடைக்கும். இரண்டு மழை போனால் கொப்புளம் கொப்புளமாக உரியும், உரியும்போது பழைய பூச்சையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெயர்ந்த இடத்தைச் சிமெண்டு வைத்தும் அடைக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் கேட்பார்கள். கொடுங்கள். மற்ற சுவரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

கேள்வி: தங்க நிறக் கைப்பிடிகள் நிலைக்குமா?
*– புதுவயல்*

பதில்: கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் முலாம், இரண்டு மூன்று வருஷத்தில் வெளுக்கும். கனமான பித்தளை கறுக்கும், ஆனால் புளி போட்டுத் தேய்த்தால் திரும்பி வரும்.

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம். காரைக்குடியில் வாடகை வீடு. ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள். உண்மையில் எனக்கு என்ன பிடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை ஆச்சி. எங்கிருந்து தொடங்குவது?
*– ஒரு வாசகி, காரைக்குடி*

பதில்: அவசரமே இல்லை தாயி. முதல் ஆறு மாதம் ஒரு பாய், ஒரு விளக்கு, சமைக்கச் சாமான் போதும். ஒரு சனிக்கிழமை காலையில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குச்சட்டி, மரத் தட்டு, பீங்கான் ஜாடி, பனையோலைக் கொட்டான், எண்ணெய் இறங்கிய ஊஞ்சல் பலகை என்று எல்லாம் குவிந்து கிடக்கும். எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள், விலை கேளுங்கள், எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கிளம்புங்கள். பஸ்ஸில் போகும்போதே, ஐயோ அதை யாராவது வாங்கிப் போயிருப்பார்களோ என்று எந்தப் பொருளுக்காக மனது அடித்துக்கொள்கிறதோ, அதை மட்டும் வாங்கி வாருங்கள். அது என்ன பொருள் என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.