25,000 ரூபாய் சம்பளத்துக்கு பட்ஜெட் எல்லாம் தேவையா?

கேள்வி கேட்டவருக்கு மாதம் 25,000 கையில் வருகிறது, 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது. மிச்சமே இல்லாதபோது பட்ஜெட் போட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பட்ஜெட் என்பதே மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைத்தால்தான் இப்படித் தோன்றும். என்னைக் கேட்டால், சம்பளக்காரரைக் கடனில் தள்ளுவது தினமும் குடிக்கும் டீயோ ஞாயிற்றுக்கிழமைக் கறியோ இல்லை, மாதாமாதம் வராத செலவுகள்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம், அப்புறம் தீபாவளி, முகூர்த்த மாதங்களில் மொய், வருடத்துக்கு ஒருமுறை வண்டி இன்சூரன்ஸ். இதில் எதுவுமே சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. ஆனாலும் பள்ளி திறக்கும் நேரத்தில் வளையல் அடகுக்கடைக்குப் போய்விடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பள்ளிக்கு 18,000, தீபாவளிக்கு 10,000, மொய்க்கு 12,000, வண்டிக்கு 4,000, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர 4,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 4,000. அதாவது உங்கள் சம்பளம் 25,000 இல்லை, 21,000தான். இது தெரியாமல் 25,000க்கு வீடு பார்த்து, 25,000க்கு இ.எம்.ஐ. போட்டால் இடிக்கத்தானே செய்யும்?

மொய்யை எல்லோரும் எதிர்பாராத செலவு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் மொய் நோட்டு இருக்கிறதல்லவா? யார் எவ்வளவு செய்தார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். நாம் திருப்பிச் செய்யவேண்டிய பாக்கிப் பட்டியல் அது. அதைப் புரட்டினாலே அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் எந்தெந்த வீட்டில் கல்யாணம், காதுகுத்து வரும் என்று ஓரளவு தெரிந்துவிடும். தேதி மட்டும்தான் தெரியாது, தொகை தெரியும்.

கரண்ட் பில்லும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், வராத மாதத்தில் பணம் இருப்பதுபோல் ஒரு நினைப்பு. கோடையில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறும். மீட்டரை இடையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எடுத்து வைக்கும் 4,000 சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் நிற்காது. ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்றைத் தனியாகத் திறந்து, சம்பளம் வந்த அன்றே அதற்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபே, போன்பேயில் சேர்க்காதீர்கள். தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டில் போடலாமே என்று சிலர் சொல்வார்கள். பதிவு செய்யாத சீட்டு என்றால் நான் போடமாட்டேன். நடத்துகிறவர் நல்லவராகவே இருந்தாலும், அவருக்கு ஒரு முடை வந்தால் நம் பணம்தான் மாட்டும். வங்கியில் ஒரு வருட ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை போட்டுவரும் சேமிப்பு) போதும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 20,000 வாங்கினால் மாதம் 600, வருடத்துக்கு 7,200 வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும்.

சம்பளத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அதை விட்டுவிடுங்கள். வாடகை, மளிகை, பால், சிலிண்டர், பஸ் செலவிலேயே பாதி தாண்டிவிடும். டீக்காசு வரைக்கும் ஆப்பில் எழுதவேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலானோர் பத்து நாளில் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

முதல் மாதமே 4,000 ஒதுக்க முடியாதுதான். பள்ளிக் கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஜூனில் கட்டிய கையோடு ஜூலையிலிருந்து மாதம் 1,500 போட்டு வந்தால் அடுத்த ஜூனில் 18,000 இருக்கும். தீபாவளியை அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம்.