கேள்வி-பதில்: கோட்டைக்குள் பொதுமக்கள் போகலாமா?

கேள்வி: ராயபுரத்தில் மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். துறைமுகச் சாலையில் பேருந்தில் போகும்போது புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரத்தைப் பார்த்ததோடு சரி. தலைமைச் செயலகம் என்பதால் காவலர்கள் உள்ளே விடமாட்டார்கள் என்றே இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரனோ, அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது, அழைத்துப் போங்கள் என்கிறான். போகலாமா? எங்களைப் போன்றவர்கள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

- வாசகி, ராயபுரம்

பதில்: பேரன் சொல்வது சரிதான், அம்மா. இந்தியத் தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகம் 1948 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். ஆதார் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தங்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும், 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

அருங்காட்சியகம் இருக்கும் மாடிக் கட்டடமே முதல் காட்சிப்பொருள். 1795இல் கட்டி முடிக்கப்பட்ட அதன் மேல்தளக் கூடத்தில்தான் அக்காலத்து வணிகர்கள் கூடிச் சரக்கு விலை பேசினார்கள். மறு ஆண்டு அதன் மொட்டைமாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றிய விளக்கே சென்னையின் முதல் கலங்கரை விளக்கம். உள்ளே கவர்னர்களின் ஆளுயர ஓவியங்கள், வாள்கள், துப்பாக்கிகள், நாணயங்கள், பீங்கான் தட்டுகள் என நிறையவே உண்டு. அவற்றை வேகமாகப் பார்த்துவிட்டு மூன்று பொருள்களின் முன் மட்டும் பேரனைச் சற்று நேரம் நிறுத்துங்கள்.

முதலாவது, ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பளிங்குச் சிலை. பலரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பீடத்தை: 1792இல் தோல்விக்குப் பின் திப்பு சுல்தான் தன் இரு சிறு மகன்களைப் பிணையாக ஒப்படைத்த காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. தங்கள் பேரனைவிடச் சின்னஞ்சிறுவர்கள் அவர்கள். இரண்டாவது, ஒரு மரக்கூண்டு. சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஆன்ஸ்ட்ரூதர் என்ற அதிகாரியை 1840இல் ஆங்கிலேயரோடு நடந்த போரின்போது சீனர்கள் சிறைபிடித்து இதற்குள் அடைத்தார்கள். வளர்ந்த மனிதன் கால் நீட்ட முடியாத அளவு அது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அந்தக் கொடுமை உறைக்கும். மூன்றாவது, 1947 ஆகஸ்ட் 15 விடியலில் இதே கோட்டையில் ஏறிய தேசியக்கொடி. 12 அடி நீளமும் 8 அடி அகலமும் உள்ள பட்டுத்துணி. வெளிச்சம் பட்டு நைந்துவிடாதபடி கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை போனாலும் அதன் முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

"எங்களைப் போன்றவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டையைப் பிழைக்க வைத்ததே வடசென்னைக்காரர்களின் உழைப்புதான். 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே கோட்டை எழுப்பியது துணி வாங்கி ஏற்றுமதி செய்வதற்காக; அந்தத் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் பேட்டையே வண்ணாரப்பேட்டை, கவர்னர் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊரே திருவொற்றியூர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி நம்மவர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை, 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் கோட்டையை இழந்து மூன்றாண்டுக்குப் பின் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், எதிரி மறைந்து நின்று சுட இடம் தரக்கூடாதென்று இடித்துத் தள்ளினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. அதற்கு மாற்றாகக் கட்டப்பட்டதே பூக்கடையை அடுத்த தேவராச முதலி தெருவில் இன்றிருக்கும் கோயில். இடிக்கப்பட்ட ஊரின்மேல்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. திரும்பும் வழியில் அதைப் பேரனுக்குக் காட்டுங்கள்.

நேரம் இருந்தால் கோட்டைக்குள்ளேயே 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கட்டிய வளைவுக்கூரை அதற்கு.

கேள்வி: கடற்கரைக் கோட்டை என்கிறார்கள். கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே சாலையும் நிலமுமாக இருக்கிறதே?

- வாசகர், காசிமேடு

பதில்: ஒரு காலத்தில் அலைகள் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே அடித்தன. துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகளில் மீனவர்கள்தான் ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். அருங்காட்சியகத்திலுள்ள பழைய கடற்கரைச் சித்திரங்களை இந்த எண்ணத்தோடு பாருங்கள்.

1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் நிலை மாறிற்று. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் குவிந்து கடல் கோட்டையை விட்டு விலகியது, மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது. தங்கள் வீட்டுப் பக்கம் கடலோரம் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களுக்குக் காரணம் இதுவே. மெரினாவின் அகலத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், அதற்கு நாம் கொடுத்த விலையையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கேள்வி: கோட்டையைப் போல நகரத்தைச் சுற்றியும் மதில் இருந்ததாமே, ஏதாவது மிச்சம் உண்டா?

- வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்கா என்று சொல்கிறோமே, அது அமைந்திருப்பது அந்த மதிலின் எஞ்சிய பகுதியின்மேல்தான். மதிலைக் கட்டிய செலவை மக்களிடம் வரியாக வாங்க எண்ணியதன் அடையாளமே வால்டாக்ஸ் (மதில் வரி) சாலை என்ற பெயர்.