செய்தித்தாள்களின் இணையதளத்தில் வரும் 'லைவ் பிளாக்' என்றால் என்ன?

ஒரே பக்கத்தில், நேரத்தைக் குறிப்பிட்டு, புதிய தகவல் மேலே வரும்படி அடுக்கிக்கொண்டே போகும் செய்திதான் லைவ் பிளாக். பிளாக் எனப்படும் வலைப்பூவின் வடிவத்தைப் பத்திரிகைகள் தமதாக்கிக்கொண்ட விதம் இது. 1998 ஆகஸ்டில் போனி சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினாவைத் தாக்கியபோதே, அந்த மாநிலத்து 'சார்லட் அப்சர்வர்' நாளிதழ் தன் தளத்தில் இப்படி எழுதியது. காரணம் எளிது: ராத்திரி அச்சடித்த தாள் காலையில் வாசலுக்கு வருவதற்குள் புயல் இடம் மாறிவிடும். வானொலியில் கிரிக்கெட் வர்ணனை சொல்வது மாதிரிதான். ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. அவசரத்தில் பிழை வந்தால் உடனே அங்கேயே திருத்தம் போடலாம் என்பதைத்தான் இதன் பெரிய பலமாக நான் நினைக்கிறேன். அச்சில் அது மறுநாள்தான் வரும், அதுவும் ஏதோ ஒரு மூலையில்.

பிளாக் என்றதும் நிருபரின் சொந்தக் கருத்து என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இதுவும் ஆசிரியர் குழுவின் பொறுப்பில் வெளிவரும் செய்திதான்.