பதினொரு மாத்திரைகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுநாளாக வாசிக்கிறேன். இது உங்கள் கதைகளைப் பற்றிய கடிதம் அல்ல. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதை ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

என் மகனுக்கு 16 வயது. நீச்சல் அணிக்கான உடல் பரிசோதனையில் 142/90 என்று வந்தது. பதற்றத்தில் ஏறியிருக்கும் என்று நினைத்தோம். அப்புறம் மூன்று தனித்தனி நாட்களில் பார்த்தபோதும் 138/86 சுற்றித்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டி அளக்கும் கருவியும் அதையே சொன்னது. சிறுநீரகம், இதய ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆறு மாதம் உப்பு, எடை, தூக்கம் என்று மாற்றிப் பார்த்தும் குறையவில்லை. போன மாதம் மருத்துவர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நேற்று அவன் மேசையை ஒழுங்குபடுத்தியபோது பென்சில் பெட்டியில் பதினொரு மாத்திரைகள் கிடைத்தன. கேட்டால், “எனக்கு ஒண்ணுமே செய்யலையேம்மா, எதுக்கு இது?” என்கிறான். தாத்தா பக்கவாதத்தில் விழுந்ததைச் சொல்லி அழுதும் பார்த்துவிட்டேன், கதவைச் சாத்திக்கொண்டான். என் கணவருக்கும் பிரஷர் உண்டு, ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வார். இவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

முதலில் ஒன்று. நான் மருத்துவன் அல்ல, இருபது வருட நோயாளி. மாத்திரையைப் பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பதினொரு மாத்திரைகள் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுத்த பையன் அவற்றைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றியிருப்பான். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இவன் சேர்த்து வைத்திருக்கிறான், அதுவும் தினமும் திறக்கிற பெட்டியில். இன்னும் முடிவுக்கு வராதவனின் வேலை அது. அவனோடு பேச இடம் இருக்கிறது.

“ஒண்ணுமே செய்யலையே” என்று அவன் சொல்வது பொய்யும் இல்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. நம் மொழியும் இதில் ஏமாற்றுகிறது. ‘ரத்தக்கொதிப்பு’ என்று பெயர் வைத்துவிட்டோம். கொதிப்பு என்றால் சூடு, கோபம், முகம் சிவப்பது, தலை சுற்றுவது. அமைதியாகப் படித்துக்கொண்டு, குளத்தில் இருபது சுற்று நீந்திவிட்டு வருகிறவன் தனக்குள் எதுவும் கொதிப்பதாக எப்படி நினைப்பான்? அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் விட்டுவிடுங்கள். ‘கோபப்படாதே, பிரஷர் ஏறிடும்’ என்பதையும் சேர்த்து.

தாத்தா கதையையும் நிறுத்திவிடலாம். பதினாறு வயதுக்காரனுக்கு அறுபது வயது என்பது வேறு கிரகம். அங்கே நடக்கிற விபத்துகள் அவனைத் தொடுவதில்லை. தொட்டால் அதைவிட மோசம், பயந்தவன் பயத்தை நினைவூட்டுகிற பொருளை ஒளித்து வைப்பான். மாத்திரையைவிட நன்றாக நினைவூட்டும் பொருள் வேறு என்ன இருக்கிறது?

பயத்துக்குப் பதிலாக அவனுக்குக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரசத்தில் சொல்கிறோம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. இரண்டு எண்களில் மேல் எண்ணை, அதாவது இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயல்பின் எல்லையான 120 என்பது தண்ணீரை 163 செ.மீ. உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். அவனுடைய 138-ஐப் பெருக்கச் சொல்லுங்கள், 188 செ.மீ. வரும். வித்தியாசம் 25 செ.மீ., ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அவன் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் இந்த ஒரு சாண் சுமைக்கு எதிராக அதிகப்படியாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை. தசை என்றால் சுமைக்கு ஏற்பத் தடிக்கத்தான் செய்யும். கையில் தடித்தால் அழகு. இதயத்தின் இடது கீழறையில் தடித்தால் சுவர் விறைத்துப்போகும். பதின்ம வயதினரிடமே இதை ஸ்கேனில் பார்க்கிறார்கள். உங்கள் மகனுக்கு இன்னும் அது இல்லை. மருத்துவர் இப்போதே மாத்திரை எழுதியதன் பொருளும் அதுதான்.

விளையாட்டுக்காரனுக்கு இந்த மொழி புரியும். குதிரைக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக்குழாயில் உயரமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-இல் அதை அச்சிட்டார். குதிரை பிழைக்கவில்லை. நமக்குக் கையில் ஒரு பட்டையைச் சுற்றினால் போதும்.

இன்னொரு கதையும் உண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராக இருந்தபோது, 1944 மார்ச்சில் அவருடைய அழுத்தம் 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று, தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது அளந்தது 300/190. அன்றே இறந்தார், வயது 63. உலகப்போரை நடத்திக்கொண்டிருந்த மனிதருக்குக் கொடுக்க உருப்படியான மாத்திரை ஒன்றும் கிடையாது. வயதானால் அழுத்தம் ஏறத்தான் வேண்டும் என்று நினைத்த மருத்துவர்களும் அந்தக் காலத்தில் நிறையப் பேர். தினமும் சிரமமில்லாமல் விழுங்கக்கூடிய மருந்துகள் 1950-களின் கடைசியில்தான் வரத் தொடங்கின. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காதது உங்கள் மகனின் பென்சில் பெட்டியில் கிடக்கிறது. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் சரித்திரமாகச் சொன்னால் காது கொடுப்பான் என்றே நினைக்கிறேன்.

அடுத்து, கருவியை அவன் கையில் கொடுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் சுற்றுவதாக இருக்கட்டும். பட்டையின் அளவு முக்கியம். நீச்சல்காரனின் கை பருத்திருக்கும். பட்டை சிறியதாக இருந்தால் இல்லாத அழுத்தத்தையும் கூட்டிக் காட்டும். எந்த அளவு சரி என்று அடுத்தமுறை மருத்துவரிடம் கருவியையே கொண்டுபோய்க் கேளுங்கள். அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிந்து, கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்கும்படி. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பேசக் கூடாது. நீங்களும்தான் பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, அவனே நோட்டில் எழுதட்டும். பதின்மூன்று வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு, 130/80-ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தத்தின் முதல் நிலை, 140/90 இரண்டாம் நிலை. இதை நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளட்டும். அதற்காக மணிக்கொரு தரம் அளக்க விடாதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மருத்துவர் சொல்வார்.

எனக்கு இந்த நோட்டுதான் புத்தி கொடுத்தது. முதல் வருடம் எண் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் எண் பழைய இடத்துக்கே போய் நின்றது. மனைவி திட்டியபோது கோபம் வந்தது, நோட்டைப் பார்த்தபோது வெட்கம் வந்தது. (எல்லா மாத்திரையும் இப்படி மெதுவாக விடாது. சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும்.)

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். ‘ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்வார்.’ அம்மா, நீங்கள் அழுததைவிட, தாத்தாவின் கதையைவிட, அந்த வீட்டில் உங்கள் மகன் பார்த்து வளர்ந்த பாடம் இதுதான். அப்பாவுக்கும் இருக்கிறது, அப்பாவும் போடுவதில்லை, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். அவன் எடுத்த முடிவில் என்ன தப்பு சொல்வீர்கள்? உங்கள் கணவரைக் குற்றம் சாட்டவில்லை, நானும் அவர் இனம்தான். ஆனால் மகனுக்குச் சொல்கிற எதையும் அவர் கையிலிருந்து தொடங்காவிட்டால் எடுபடாது. காலையில் இரண்டு பேரும் ஒன்றாக மாத்திரை போடட்டும். அப்பாவை மகன் கேட்கட்டும், “போட்டீங்களா?” என்று. இந்த வயதில் பெரியவர்களைக் கண்காணிக்கிற வேலை என்றால் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஒரு கேள்வியை நீங்கள் அவனிடம் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. மாத்திரை போட்ட நாளில் என்ன ஆகிறது? சில மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தூண்டும். வகுப்பில் மூன்று தடவை எழுந்து அனுமதி கேட்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைக்கிற வயது இது. சிலவற்றில் வறட்டு இருமல் வரும், சிலவற்றில் சோர்வு. நேரத்தையோ மருந்தையோ மாற்றினால் தீர்ந்துவிடும், ஆனால் யாராவது சொன்னால்தானே? அல்லது, மாத்திரை போடுகிறவன் என்று தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறானோ என்னவோ. நீச்சல் இதற்கு நல்லதுதான். இரண்டாம் நிலையில் இருப்பவர்களைத்தான் கட்டுக்குள் வரும்வரை பளு தூக்குவது போன்றவற்றிலிருந்து நிறுத்தி வைப்பது வழக்கம். இதை மருத்துவர் வாயால் அவன் கேட்க வேண்டும். அந்தச் சந்திப்பில் பத்து நிமிடம் நீங்கள் வெளியே உட்காருங்கள். சிகரெட், வேப், எனர்ஜி டிரிங்க், உடம்பு ஏற்றும் பவுடர் இவையெல்லாம் அழுத்தத்தைக் கூட்டலாம். இருந்தாலும் உங்கள் முன்னால் சொல்ல மாட்டான். அடிக்கடி போடுகிற வலி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உப்பு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றே ஒன்று, அவன் தட்டுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், எல்லோருக்கும் குறையட்டும். பொட்டலத் தீனி வீட்டுக்கு வராமல் இருந்தாலே கொஞ்சம் உப்பு போன மாதிரி. இரவில் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு அவன் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், உங்கள் போனும்.

எண் மிக ஏறி, அதோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, குழப்பமான பேச்சு என்று எது வந்தாலும் நோட்டும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக அந்தப் பதினொன்று. விட்டதை ஈடுகட்ட ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடப் போகிறான், கூடாது என்று சொல்லிவிடுங்கள். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை வயிற்றுக்குள் போகவே இல்லை என்று தெரியாமல் அவர் ‘எண் இறங்கவில்லையே’ என்று அளவைக் கூட்டிவிடக் கூடும். பென்சில் பெட்டியோடு அழைத்துப் போங்கள். ஆனால் அதை நீங்கள் திறந்து காட்ட வேண்டாம். எத்தனை நாள் விட்டான் என்பதை அவனே சொல்லட்டும்.