கை சின்னது, நெக் ஒல்லியான அக்கூஸ்டிக் கிட்டார் எது வாங்கலாம்?

விரல்கள் குட்டை, ஆறு மாதம் ஆகியும் எஃப் கார்டு ஒலிக்கவில்லை, கடையில் ஸ்லிம் நெக் வாங்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே கேஸ்தான். என் சுண்டுவிரல் ஒரு பேனா மூடி நீளம்தான் இருக்கும். மாடல் பெயர்களைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். விரல் நுனியிலா, விரல் எட்டாமல் விரிந்து வலிக்கிறதா, இல்லை கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலுமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

என் முதல் கிட்டார் செகண்ட் ஹேண்ட். நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிட்டாரில் யாரோ இரும்புக் கம்பி மாட்டி விற்றிருந்தார்கள். எனக்கு என்ன தெரியும்? ஒரு சித்திரை வெயிலில், உடம்பின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து எழுந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. அப்பாவுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. கிட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எதைப் பார்த்தாலும் முதலில் வெர்னியரைத் தேடுவார். நெக்கின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதே, அதுதான் நட். அதன் அகலத்தை அளந்து “51.8” என்றார். கிளாசிக்கல் கிட்டாருக்கு 52 மி.மீ. வழக்கமான அளவுதான். இரும்புக் கம்பி அக்கூஸ்டிக்கில் அது பெரும்பாலும் 43, இல்லையென்றால் 44.5. ஆக நீங்கள் கையில் வைத்திருப்பது கிளாசிக்கல் என்றால் மேலே படிக்கவே வேண்டாம். அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது கிட்டார் புதுசு. “ஸ்லிம் நெக் மேடம், லேடீஸுக்குன்னே வர்றது” என்று விற்றார்கள். நட் அகலம் 43 சரியாக இருந்தது. அப்படியும் எஃப் வரவில்லை. நெக்கின் குறுக்கே உலோகப் பட்டைகள் இருக்கின்றனவே, அவைதான் ஃப்ரெட். அப்பா மூன்றாவது ஃப்ரெட்டை ஒட்டிக் கம்பியை அமுக்கச் சொன்னார். முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். அரை மில்லிமீட்டர் தகடு சும்மா போய் வந்தது. “ஏங்கண்ணு, இதுக்குள்ள எலியே ஓடும் போல. இத எப்படி அமுத்துவே?” என்றார். அந்த இடத்தில் ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். நட்டின் பள்ளங்களைத் தொழிற்சாலையில் ஆழமாக வெட்டாமல் விட்டிருந்தார்கள். எஃப் கார்டு பிடிப்பது முதல் ஃப்ரெட்டில், நட்டுக்கு ஒட்டி. நட் உயரமாக இருந்தால் அந்த ஒரு கார்டில்தான் உயிர் போகும்.

தானே அரத்தை எடுத்து ராவுகிறேன் என்று கிளம்பிய அப்பாவைப் பிடித்து நிறுத்தினோம். அதிகமாக ராவிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும், அப்புறம் புது நட்தான். கிட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு சாயங்கால வேலை. மறுநாளே எஃப் வந்துவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு வாரத்தில் வந்தது.

இதைச் சோதிக்க ஃபீலர் கேஜ் எல்லாம் வேண்டாம், எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்பான கேப்போ ஒன்று போதும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் எஃப் வடிவத்தைப் பிடியுங்கள். அங்கே சுலபமாக இருந்து, கேப்போ இல்லாமல் கஷ்டமாக இருந்தால் குற்றவாளி நட், நெக் இல்லை. கூடவே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தையும் பாருங்கள். தடித்த இ கம்பி இரண்டரை மி.மீ.க்குக் கீழே, மெல்லிய இ இரண்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. கம்பி செட்டையும் 12-லிருந்து 11-க்கோ 10-க்கோ இறக்கிப் பாருங்கள்; எண் குறைந்தால் கம்பி மெலிசு. சத்தம் கொஞ்சம் மெலியும், விரல் நுனி நன்றி சொல்லும்.

இதெல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால் நெக்கைக் குறை சொல்லலாம். ஆனால் கடைக்காரர் ‘ஸ்லிம்’ என்றால் எது ஸ்லிம் என்று கேளுங்கள். அகலம் ஒன்று, பருமன் ஒன்று. 44.5-லிருந்து 43-க்கு வந்தால் குறைவது ஒன்றரை மி.மீ. ஆறு கம்பிக்கு நடுவில் ஐந்து இடைவெளி, ஆளுக்கு 0.3 கிடைக்கும். ஒன்றுமே தெரியாது என்று சொல்ல மாட்டேன், எஃப் மாதிரி ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல கம்பிகளை அமுக்கும் பார் கார்டில் தெரியும். ஆனால் என் மணிக்கட்டு வலிக்கு அது காரணமில்லை. அந்த இரண்டாவது கிட்டாரின் நெக்கை முதல் ஃப்ரெட் பக்கம் முன்பின்னாக அளந்தால் 24 மி.மீ. கிரிக்கெட் ஸ்டம்பைப் பிடித்த மாதிரி இருக்கும். “சுத்தியல் பிடி மொத்தமா இருந்தா மணிக்கட்டுதான் நோவும், விரல் இல்ல” என்று அப்பா சொன்னதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. இப்போது வைத்திருப்பது 21. மூன்று மில்லிமீட்டர்தான். ஆனால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

ஒரு காலத்தில் எல்லா நெக்கும் மொத்தமாகத்தான் இருந்தன. லைட் செட் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், வெறும் மரம் அதைத் தாங்க வேண்டும். கிப்சனில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ, நெக்குக்குள் திருகி முறுக்கும் உலோகத் தண்டை வைக்க 1923-ல் காப்புரிமை பெற்றார். அதுதான் ட்ரஸ் ராட். அதற்குப் பிறகுதான் மரத்தைத் தைரியமாக இழைக்க முடிந்தது. மார்ட்டின் கிட்டார்களில் திருகக்கூடிய ட்ரஸ் ராட் வந்ததே 1985 வாக்கில்தான்.

யாரும் கேட்காத மூன்றாவது அளவு ஒன்று உண்டு, ஸ்கேல். நட்டிலிருந்து, பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வரைக்கும் கம்பியின் நீளம். முழு அளவு கிட்டாரில் சுமார் 650 மி.மீ. அதில் நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை 134 மி.மீ. தூரம். 580 ஸ்கேலில் அதே தூரம் 120 கூட இல்லை. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் மிச்சம்! அதோடு, அதே கம்பியை அதே சுருதிக்கு வைக்க ஐந்தில் ஒரு பங்கு இழுவிசை குறைவாகப் போதும். விரல் எட்டவில்லை என்பவர்களுக்கு ஒல்லி நெக்கைவிடக் குட்டை ஸ்கேல் எவ்வளவோ மேல். காசு செலவழிக்காமல் ருசி பார்க்க வேண்டுமா? எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசியுங்கள். 650 கிட்டார் 613 ஆகிவிடும்.

சரி, பெயர்கள். குறைந்த பட்ஜெட்டில் யமஹா எஃப்310: நட் 43, ஸ்கேல் 634. மேல் பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக (சாலிட் டாப்) வேண்டுமென்றால் அதே அளவில் எஃப்எஸ்800, உடம்பும் சின்னது, வலது கை இடிக்காது. இன்னும் குட்டையாக வேண்டுமானால் யமஹா ஏபிஎக்ஸ்டி2, 580 ஸ்கேல், உடம்பு மெலிந்தது, ஆம்ப்ளிஃபயரில் இணைக்கப் பிக்கப்போடு வரும். இபனெஸின் ஏஇஜி, டால்மன் வரிசைகள் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பழகிய கைக்குப் பிடிக்கும். பணம் இருந்தால் டெய்லர் ஜிஎஸ் மினி, ஸ்கேல் 597 மி.மீ. அரை லட்சத்துக்கு மேல் ஆகும், ஆனால் அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் சத்தத்துக்குக் கொடுக்கலாம். என் ஓட்டு எஃப்எஸ்800-க்கு. நான் வைத்திருப்பதும் அதுதான்.

43-க்கும் கீழே போகலாமா? போகலாம், ஆனால் யோசித்துப் போங்கள். 1965 வாக்கில் கிப்சன் தன் அக்கூஸ்டிக்குகளில் நட்டைச் சுமார் 40 மி.மீ.க்குக் குறைத்தது. அந்தப் பழைய கிட்டார்களை நட் குறுகல் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஏ கார்டுக்கு மூன்று விரலும் ஒரே ஃப்ரெட்டில் உட்கார வேண்டும். விரல் குட்டையாக இருந்து நுனி பருமனாக இருந்தால், எனக்கு அப்படித்தான், பக்கத்துக் கம்பியில் இடித்துச் சத்தம் செத்துவிடும்.

கடைக்குப் போகும்போது ஒரு அளவுகோலும் கேப்போவும் பையில் இருக்கட்டும். வெர்னியர் கொண்டு போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு போன எனக்குத் தெரியும்: மூன்றாவது கிட்டாரை அளக்கும்போது கடைப் பையன், “ஐயா, கிட்டார் வாங்க வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?” என்று கேட்டான். அப்பா பதிலே சொல்லாமல் நாலாவதைக் கீழே இறக்கச் சொன்னார்.